ஒரு வீடும் பூட்டியிருக்கக் கூடாது என்றவன்

வெள்ளம் வரப்போகிறது என்று எனக்கு முந்தின நாள் காலையிலேயே தெரியும்.

தெரிந்தும் நான் தெருவுக்குச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவையும் உங்கள் இருவரையும் மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மற்ற எல்லோரையும் அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அந்தோணி மாமா செத்தது அதனால்தான்.

இதுதான் நான் சொல்ல வேண்டியது. இதற்குப் பிறகு எழுதப்போவது எதுவும் சமாதானம் இல்லை. சமாதானம் போல எங்காவது தெரிந்தால், அந்த இடத்தில் உங்கள் அப்பன் மறுபடியும் நழுவப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குமரா, போன வாரம் நீ வந்து கேட்டாய். நம் நகர் நலச்சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக நிறுத்தப் போகிறார்களாம். கூட்டத்தில் நீ பேச வேண்டுமாம். "நல்ல தலைவன்னா எப்டி இருக்கணும்னு நாலு வரி எழுதிக் குடு நைனா. நீ இருந்த மாதிரியே எழுதினா போதும்" என்றாய்.

கலை உடனே சிரித்தாள். "நான் எட்டாங்கிளாஸ்ல எழுதின கட்டுரையையே குடுத்துடு. எனக்குப் பிடித்த தலைவர் என் தந்தை. பிரைஸ்கூட குடுத்தாங்க, எவர்சில்வர் டப்பா."

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எழுத உட்கார்கிறேன், எழுந்துவிடுகிறேன். நாலு வரி எழுத வரவில்லை. வந்தது இதுதான்.

நான் எப்படித் தலைவன் ஆனேன் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. யாரும் ஓட்டுப் போடவில்லை. நான் பத்தாவது ஃபெயில். திருவொற்றியூரில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டருக்கு ஹெல்பர். சடையங்குப்பத்துக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளமான இடத்தில் நாங்கள் குடிசை போட்ட காலத்தில், தெருவில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சட்டைப்பையில் பேனா இருந்தது. அதனால் தலைவன்.

முதலில் தண்ணீர் லாரிக்கு மனு. அப்புறம் தெரு விளக்குக்கு. ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க "தலைவரே, தலைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று வாயால் சொல்லுவேன். மனசு அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார்கள் அல்லவா... அந்த இடத்தின் சூடு எப்படியிருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவுக்கு இருந்த பெரிய குறை பட்டா. பட்டா வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்கு நம்பர் போட வேண்டும். நம்பர் போட ஆபீசர்கள் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் பகலில்தான் வந்தார்கள். பகலில் எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? ஆம்பளைகள் ஹார்பரிலோ ஃபாக்டரியிலோ, பொம்பளைகள் மீன் கூடையோடோ வீட்டு வேலையிலோ. வந்தவர்கள் கதவில் சாக்பீஸால் 'பூட்டு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டு என்று எழுதினால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாத வீட்டுக்கு நம்பர் இல்லை.

மூன்றாவது தடவை நான் இரண்டு வருஷம் அலைந்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி என்று நாள் வாங்கினேன். தெருவைக் கூட்டிச் சொன்னேன்: "திங்கக்கிழமை யாரும் வேலைக்குப் போவக் கூடாது. ஒரு வூடும் பூட்டியிருக்கக் கூடாது. வூட்ல எத்தினி பேர் கீறீங்களோ அத்தினி பேரும் ஆபீசர் கண்ணுல படணும்."

கார்டு தேடும் நேரத்தில் ஆபீசர் பொறுமை இழந்து போய்விடுவார் என்று, எல்லா வீட்டு ரேஷன் கார்டையும் முந்தின நாள் சாயங்காலமே வாங்கி, வீட்டு வரிசைப்படி அடுக்கி, ஒரே பையில் வைக்கச் சொன்னேன். அந்தப் பை எப்போதும் என் கூடவே திரிகிற அந்தோணி வீட்டில் இருக்க வேண்டும். அவன் வீடுதான் தெருவில் முதல் வீடு. கால்வாய்க்குப் பக்கத்து வீடு. ஆபீசர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

இப்படியெல்லாம் யோசிக்கத் தெரிந்த தலைவன் நான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. முனையில் பாய் கடையில் ஒரு ரூபாய் போன் ஒன்று தொங்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "தலைவரே, உனக்குப் போன் வந்துக்கீது."

பேசியது தேவராஜ். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நம் கால்வாய்க்குத் தண்ணீர் விடுகிற ஏரியில் மதகு திறந்து மூடுகிற வேலை, லஸ்கர் என்பார்கள்.

"டேய், ஏரி நெறஞ்சி தளும்பிக்கினு கீது. மேல இன்னும் மழை வுடல. நாளைக்கு விடியறதுக்குள்ள தொறந்துதான் ஆவணும். பெரிய தண்ணிடா. உங்காளுங்கள மேட்டுக்குப் போவச் சொல்லு."

"ஆர்டர் வந்துடுச்சா?"

"ஆர்டர் வர்ற வரைக்கும் தண்ணி நிக்குமா? சொல்லிட்டேன். அப்பால என் பேர இழுக்காத."

போனை வைத்தேன். பாய் கேட்டார், "இன்னா தலைவரே, நல்ல சேதியா?"

"நல்ல சேதிதான் பாய். ஆபீசர் நாளைக்குக் கண்டிப்பா வர்றாராம்."

முதல் பொய். நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. இன்றுவரை எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கடையிலிருந்து நம் வீடு நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்குள் என்னென்ன யோசித்தேன் என்று சொல்லுகிறேன்.

தெருவை எழுப்பி மேட்டுக்குப் போகச் சொன்னால் நாளைக்கு எல்லா வீடும் பூட்டு. ஆபீசர் சாக்பீஸை எடுப்பார். மறுபடி இரண்டு வருஷம். போன மழைக்கு ஒரு தடவை நான் தண்ணீர் வரும் என்று கத்தி, எல்லோரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மணலிப் பக்கம் மேட்டுக்கு ஓடி, கடைசியில் கணுக்கால் தண்ணீர்தான் வந்தது. அதிலிருந்து வானம் கறுத்தாலே டீக்கடையில், "தலைவரே, இன்னிக்கு வானிலை அறிக்கை இன்னா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இன்னொரு தடவை சிரிக்க விடுவதா?

ஞாயிற்றுக்கிழமைதான்... ஆனால் ஆபீசர் வீடு எனக்குத் தெரியும். போய் நின்று, "ஐயா, நாளைத் தள்ளிப் போடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தள்ளிப் போட்டால் போட்டதுதான் என்று பயம். அவர் முன்னால் சின்னவனாக நிற்க வெட்கம். இரண்டில் எது பெரிது என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பயம் என்று சொல்லத்தான் ஆசை. வெட்கம்தான் என்று தோன்றுகிறது.

எப்படியும் கணுக்காலுக்கு மேல் வராது, தேவராஜ் எப்போதும் இப்படித்தான் பயமுறுத்துவான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படி நிஜமாகவே நம்பியிருந்தால், உங்களை ஏன் அனுப்பினேன்?

ஒரே ஆள், ஒரே காலையில், தெருவுக்கு வராது என்றும் வீட்டுக்கு வரும் என்றும் முடிவு செய்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "கௌம்பு. புள்ளைங்கள இட்டுகினு தண்டையார்பேட்டைக்கு உங்கக்கா வூட்டுக்குப் போ" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"தண்ணி வரும். யார்ட்டயும் சொல்லாத. காது குத்துன்னு சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக எதிரே அந்தோணி வீட்டு வாசலில் நின்ற அவன் பெண்டாட்டியையும் பெண்ணையும் பார்த்தாள். "ஸ்டெல்லாவையும் கூப்டுக்கறேன். இல்ல, ரோசிய மட்டுமாச்சும்."

"வாணாம். அது மொத வூடு. அங்க ஆள் கொறைஞ்சா தெருவே கௌம்பிடும்."

"அப்ப நம்ம வூடு?"

"நம்ம வூட்டுக்கு நான் கீறேன்ல."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நம் வீட்டில் நான் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியது கிடையாது. அதையும் அந்தக் காலத்தில் பெருமையாக நினைத்தவன் நான். தெருவில் நாலு பேர் எதிர்த்துக் கேட்பார்கள், என் வீட்டில் ஒரு குரல் எழும்பாது பார் என்று... அன்று உங்கள் அம்மாவுக்குக் குரல் எழும்பியிருந்தால், அவள் ரோசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருந்தால், அந்தக் குடும்பமே அவள் பின்னால் போயிருக்கும். எழும்பாதபடி பல வருஷமாக அவளைப் பழக்கி வைத்தவன் நான்தான். அவளிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். அவள் சுமக்கிறதும் என்னுடையதுதான்.

குமரா, நீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். உனக்குப் பதின்மூன்று வயசு. கலைக்கு ஏழு. ரோசியும் வர வேண்டும் என்று அவள் அழுதாள். பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

மத்தியானம் அந்தோணி பெண்டாட்டி ஸ்டெல்லா வந்தாள். உங்களுக்கு அவளை மார்க்கெட்டில் மீன் விற்கிற ஸ்டெல்லா அத்தையாகத்தான் தெரியும். அப்போதும் அதே தொழில்தான். விடியற்காலை காசிமேடு போய் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்பாள். அந்தோணிக்கு ஹார்பரில் லோடிங் வேலை.

"அண்ணே, நாளைக்கு நான் காசிமேடு போவல. அது செரி. ரோசிய மட்டும் ராயபுரத்துல எங்கம்மா வூட்ல வுட்டுட்டு வந்துடட்டா? வானத்தப் பாத்தா ஒரு மாதிரி கீது."

"ஆபீசர் தலைய எண்ணுவாரும்மா. புள்ளயும் இருக்கட்டும்."

"சாந்தி அக்கா எங்க? புள்ளைங்க சத்தத்தையே காணோம்."

"காது குத்து. அவங்கக்கா வூட்ல."

அவள் மறுபடி வானத்தைப் பார்த்தாள். "தண்ணி ஏதாச்சும் வருமா அண்ணே?"

"நான் இங்கதானே கீறேன்? அப்டி ஒண்ணுன்னா உனக்குச் சொல்ல மாட்டனா?"

பிள்ளைகளே, நான் மேடையில் பேசியதெல்லாம் மறந்துவிட்டேன். எழுதிய மனுக்கள் மறந்துவிட்டன. இந்த ஒரு வரி மட்டும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. அப்டி ஒண்ணுன்னா உனக்குச் சொல்ல மாட்டனா?

சாயங்காலம் அந்தோணி வீடு வீடாகப் போய்க் கார்டு வாங்கி அடுக்கினான். மஞ்சள் பை. அதைச் சுற்றி ஒரு பாலிதீன் உறை. நான் மனசுக்குள் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவன் பாட்டுக்குக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான்.

"மாமு, நம்பர் ஒண்ணு என் வூடு. நீ தலைவனா இருந்தாலும் எனக்குப் பின்னாலதான், தெரிஞ்சிக்கோ."

"செரிடா."

"நாளைக்கு மட்டும் அந்த ஆபீசர் பூட்டு கீட்டுன்னு எழுதினான், அவன் ஸ்கூட்டர் சாவி என் கைல. நடந்தே போவட்டும் மணலி வரைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா மாமு, மூஞ்சி பேஜாரா கீது?"

அந்த நிமிஷம் வாய் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன்... "ஒண்ணுமில்லடா. வூட்ல ஆள் இல்ல, சோறு இல்ல" என்றுதான் வந்தது.

"அட, இதுக்கா? ஸ்டெல்லா சங்கரா கொயம்பு வெச்சிக்கீறா. வா."

போனேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். ரோசி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஸ்டெல்லா இன்னொரு துண்டு போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

விடியற்காலை, பால்காரர் வருகிற நேரம், தண்ணீர் வந்தது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரிச் சத்தம். கால்வாய்ப் பக்கமிருந்து முதலில் அந்தோணி வீட்டுக்குள்தான் புகுந்தது. அவன்தான் தெருவை எழுப்பினான். ஹார்பர் கயிறு ஒன்று வைத்திருந்தான். அதைத் தெருக்கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தெருக்கோடிப் பள்ளிக்கூட கேட்டில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினோம். நானும் தூக்கினேன். நாலு பிள்ளைகளைத் தோளில் சுமந்தேன். அது பொய் இல்லை. அதைத்தான் ஊர் பார்த்தது.

ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்க மாடியில். ஒரு உயிர் போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீர் ஏறாமல் நின்ற மாதிரி இருந்தது. ஸ்டெல்லா ரோசியை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்று தலையைத் துவட்டினான்.

"மாமு, பை வூட்லயே கீது. ஆணில மாட்டினது."

நான் அவன் வீட்டுப் பக்கம் பார்த்தேன்.

"ஆபீசர் இந்தத் தண்ணில வர மாட்டான். ஆனா கார்டு போச்சுன்னா அப்பால எத்தினி வருசம் அலையறது? தெருவோடதே அதுல கீது. மழத் தண்ணிதான், நின்னுடுச்சு பாரு. ஒரு ஓட்டம் போயி எடுத்தாந்துடறேன்."

அவன் அதை மழைத் தண்ணீர் என்று நினைத்தான். மதகு திறந்தது என்பது அந்த மாடியில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பெரிய தண்ணீர் என்று தேவராஜ் சொன்னது இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்பதும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு வார்த்தை. "ஏரி தொறந்துட்டாங்கடா, இன்னும் ஏறும், போவாத." அவ்வளவுதான். சொல்லியிருந்தால் நின்றிருப்பான்.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பான்: உனக்கு எப்டித் தெரியும் மாமு? எப்பத்துலேந்து தெரியும்? சாந்தி அண்ணி எங்க?

அதனால், "பாத்துப் போ" என்றேன்.

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதை மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தோம். வீட்டுக்குள் போனான். பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தான். பாதித் தெரு வந்துவிட்டான். அப்போது தண்ணீர் மறுபடி ஏறியது. இந்தத் தடவை சத்தமே இல்லை. தெருக்கம்பம் சாய்ந்தது, கயிறு தொய்ந்தது. அவன் தலை கால்வாய்ப் பக்கமாகப் போனது. ஸ்டெல்லா மாடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தியதை எழுத எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் நாள் முள்ளுச் செடியில் மாட்டிக் கிடைத்தான். சட்டைக்குள் பை இருந்தது. உறைக்குள் தண்ணீர் போகவில்லை. வீட்டு வரிசைப்படி அடுக்கினது அப்படியே. ஒரு மாசம் கழித்து ஆபீசர் வந்து அந்தக் கார்டுகளை வைத்துத்தான் நம்பர் போட்டார். முதல் நம்பர் அந்தோணி வீட்டுக்கு. நம் வீட்டுக்குப் பட்டா வந்தது அந்தப் பையிலிருந்துதான். நீங்கள் படுத்துத் தூங்குகிற இடம் அது.

அஞ்சலிக் கூட்டம் அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒருவர் எழுந்து பேசினார்: "நம்ம தலைவரு, பொண்டாட்டி புள்ளைங்க ஊர்ல இல்லாதப்பகூட, அவங்களப் பாக்க ஓடாம, தெருவோட நின்னாரு." கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

கும்பிட்டேன்... கேட்கிறீர்களா? அந்தோணி படத்துக்கு முன்னால் நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

குமரா, தலைவன் என்றால் முன்னால் நிற்கிறவன் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் இறங்குகிறவன், அதிகாரியிடம் பேசுகிறவன், நாள் வாங்கி வருகிறவன். அதெல்லாம் நான் செய்தேன். எல்லாம் செய்துவிட்டுத்தான் இப்படி ஆனேன். ஆகையால் தலைவன் என்பது அதில் எதுவும் இல்லை.

என் பிள்ளைகளை நான் காப்பாற்றியது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. எந்த அப்பனும் செய்வான். அந்தோணியும் ஒரு அப்பன்தானே? எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருந்தால் அவன் இருந்திருக்கலாம், போயிருக்கலாம். பட்டாவுக்காக நிற்கிறேன் மாமு என்றுகூடச் சொல்லியிருப்பான், அப்படிப்பட்டவன்தான். ஆனால் அது அவன் முடிவாக இருந்திருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். தெரு முழுக்க இருந்த அப்பன் அம்மாக்களின் முடிவை ஒரு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர்கள் நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு...

வீட்டுக்குள் கேள்வி கேட்க விடாதவன் தெருவிலும் கேள்விக்குப் பயப்படுவான். இதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது.

உன் கூட்டத்தில் இதில் எதைச் சொல்வாய், எதை விடுவாய், உன் இஷ்டம். எனக்காக எதையும் மறைக்காதே.

ஆனால் உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். ஒன்பது வருஷமாக அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம் "இன்னா தலைவரே" என்பாள். நான் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். நேற்று மத்தியானம் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. அவள் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்துப் பலகையில் இன்னொரு மீன்காரம்மா, கொஞ்சம் தள்ளி.

"இன்னா தலைவரே, வஞ்சிரம் கீது. எடுத்துக்கினு போ."

நான் குந்தி உட்கார்ந்தேன். "ஸ்டெல்லா, அன்னிக்குத் தண்ணி வரும்னு எனக்கு மொத நாளே தெரியும்."

அவள் கை நிற்கவில்லை. செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"தெரியும்" என்றாள்.

கலை... இதை உனக்கு எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மறைத்துத்தானே இங்கே வந்து நிற்கிறேன், அதனால் எழுதுகிறேன். வெள்ளம் வடிந்து ஒரு மாசமிருக்கும், நீயும் ரோசியும் விளையாடும்போது நீ சொன்னாயாம், "தண்ணி வரும்னு எங்கப்பா சொன்னாரு, அதான் நாங்க பெரிம்மா வூட்டுக்குப் போனோம்" என்று. அம்மாவிடம் நான் பேசியது உன் காதில் விழுந்திருக்கிறது. ரோசி போய் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நம் வீட்டில் உண்மையைச் சொன்னவள் நீ ஒருத்திதான், ஏழு வயசில்.

ஒன்பது வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அவள் என்னைத் தலைவரே என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்த கேக்கலியே நீ" என்றேன்.

கத்தியைப் பலகையில் வைத்தாள். கையைத் துடைத்தாள். முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"உன் கூடவே திரிஞ்சாரே. நீ எங்க கீறியோ அங்க கீறவரு. உனக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சிகினே என்னையும் புள்ளையையும் அங்க குந்த வெச்சாரா? தலைவர் பேச்சுதான் பெருசுன்னு? சொல்லு."

"தெரியாது ஸ்டெல்லா. அவனுக்கு நான் சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னாள், எனக்காகச் சொன்ன மாதிரியே இல்லை.

"ஒம்போது கல்லறைத் திருநாளு. எல்லாரும் ராயபுரத்துல அவரு கல்லறைக்குப் போயி பூ வெச்சி மெழுகுவத்தி ஏத்துவாங்க. ரோசி என் கையப் புடிச்சி இழுக்கும். நீ வோணா போ, நான் வரலன்னுடுவேன். ஒரு நாளுகூட ஏத்தல நான். படத்தக்கூட செவுத்தப் பாத்து மாட்டி வெச்சிகீறேன். அவர்கிட்டதான் நான் சண்ட போட்டுக்கினு கீறேன், இத்தினி வருசமும்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். நான் அவள் புருஷனைத்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன். செத்தவனுக்காக அழுகிற பாக்கியத்தையும் அல்லவா அவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தேன்? ஒரு நாள் போய் வாய் திறந்திருந்தால் அவளுக்கு அது கிடைத்திருக்கும். முதல் மாசமே கிடைத்திருக்கும். நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் நிரபராதி ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிடு" என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். இல்லை, அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்தானோ... தெரியவில்லை.

ஸ்டெல்லா எழுந்தாள். விற்காத மீன்மேல் ஈரச் சாக்கைப் போட்டாள். பக்கத்துப் பலகையைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கோ க்கா, ராயபுரம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். என்னைத் திட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்பதே அவளுக்கு ஞாபகம் இல்லாத மாதிரி இருந்தது.

பக்கத்து மீன்காரம்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இன்னா தலைவரே, யாவார நேரத்துல வுட்டுட்டு ஓடுது? இன்னா சொன்ன நீ அதுகிட்ட?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "சும்மா, வூட்டு விசயம் பேசிக்கினு இருந்தோம்."